ஷங்கர் இயக்காத ஷங்கர் படங்கள்

ஷங்கரைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் செலவுக் கணக்கில் வந்து நிற்கும். பாட்டுக்கு இத்தனை கோடி, செட்டுக்கு இத்தனை கோடி, கிராஃபிக்ஸுக்கு இத்தனை கோடி. 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்த வாரம் எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு நேரப் பேச்சும் அப்படித்தான் போனது. என்னைவிட ரொம்ப இளையவன் ஒருவன், சினிமா மேல் உண்மையான பிரியம் உள்ளவன், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னான்: "அடுத்தவன் காசுன்னா யார் வேணாலும் பிரம்மாண்டமா எடுக்கலாம்ணா. சொந்தக் காசைப் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க, அப்பத் தெரியும்." இதைச் சொன்னவன் அலுவலக வாட்ஸப் குழுவில் தினமும் புலிகேசி மீம் போடுகிறவன். 'காதல்' படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை என்பான். அந்த இரண்டு படங்களுக்கும் காசு போட்டது யார் என்று கேட்டேன். தெரியவில்லை. ஷங்கர்தான் என்று சொன்னேன். போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்ப ஏண்ணா நிறுத்திட்டாரு?" என்றான்.

ஏதோ சொல்லிச் சமாளித்து எழுந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஷங்கரின் தயாரிப்புக் கம்பெனியான எஸ் பிக்சர்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்திருக்கிறவர்கள்கூட, 'புதியவர்களை ஊக்குவித்த நிறுவனம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியே சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம்.

யார் காசு, யார் படம்

'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994) இரண்டும் கே.டி.குஞ்சுமோன் தயாரித்தவை. 'இந்தியன்' (1996) ஏ.எம்.ரத்னம். 'ஜீன்ஸ்' (1998) அசோக் அமிர்தராஜ் தரப்பு. 'பாய்ஸ்' (2003) மறுபடி ரத்னம். 'அந்நியன்' (2005) ஆஸ்கார் ரவிச்சந்திரன். 'சிவாஜி' (2007) ஏவி.எம். 'எந்திரன்' (2010) சன் பிக்சர்ஸ். நடுவில் ஒன்றே ஒன்றுதான் சொந்தப் படம்: 1999 தீபாவளிக்கு வந்த 'முதல்வன்'. எஸ் பிக்சர்ஸின் முதல் தயாரிப்பு அதுதான். அர்ஜுனும் ரகுவரனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் அந்தப் பேட்டிக் காட்சியை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அது நன்றாகவே ஓடியது. ஓடிய பிறகு எந்த இயக்குநராக இருந்தாலும் என்ன செய்வார்? அடுத்த படத்தையும் சொந்தமாக எடுப்பார், லாபம் வெளியே போகக் கூடாது என்று நினைப்பார். ஷங்கர் கம்பெனியைப் பூட்டி வைத்தார். ஐந்து வருடம் அந்தப் பெயரில் ஒரு படமும் வரவில்லை.

அப்புறம் திறந்தபோது வந்த பட்டியல் இது: 'காதல்' (2004), 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006), 'வெயில்' (2006), 'கல்லூரி' (2007), 'அறை எண் 305-ல் கடவுள்' (2008), 'ஈரம்' (2009), 'ரெட்டைச்சுழி' (2010), 'ஆனந்தபுரத்து வீடு' (2010). ஒன்றையும் அவர் இயக்கவில்லை. பெரிய கதாநாயகர் என்று யாரும் எதிலும் இல்லை. வடிவேலுவைக் கதாநாயகனாக்கியதுதான் இருப்பதில் பெரிய பெயர். தன் படத்தை அடுத்தவர் காசில் எடுத்தவர், அடுத்தவர் படத்தைத் தன் காசில் எடுத்தார். மேசையில் இருந்த பையன் சொன்னது பாதி சரி என்பதுதான் வேடிக்கை.

இயக்குநர்கள் கம்பெனி ஆரம்பிப்பது நம் ஊரில் புதிது இல்லை. பி.ஆர்.பந்துலு பத்மினி பிக்சர்ஸில் கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் எடுத்தார். ஸ்ரீதர் சித்ராலயாவில் 'தேன் நிலவு', 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார். யாரும் குறுக்கே வந்து கதையைத் திருத்தக் கூடாது என்ற வீம்பில் பிறந்த கம்பெனிகள் அவை. மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸும் பெரும்பாலும் மணிரத்னத்துக்கான இடம்தான், நடுநடுவே உதவியாளர்களுக்கும் கதவு திறந்தாலும். பாலசந்தரின் கவிதாலயா கொஞ்சம் வேறு மாதிரி. 'நெற்றிக்கண்' எஸ்.பி.முத்துராமனுக்கு, 'ரோஜா' மணிரத்னத்துக்கு, 'அண்ணாமலை' சுரேஷ் கிருஷ்ணாவுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே ரஜினி இருந்தார், இல்லாவிட்டால் ஏற்கெனவே பெயர் வாங்கிய இயக்குநர் இருந்தார். எஸ் பிக்சர்ஸில் இரண்டும் இல்லை. அங்கே வந்தவர்களில் முக்கியமான இரண்டு பேர் ஏற்கெனவே தோற்றவர்கள்.

ராசியில்லாத டைரக்டர்

பாலாஜி சக்திவேல், வசந்தபாலன் இருவரும் ஷங்கரிடம் உதவி இயக்குநர்களாக இருந்தவர்கள். இருவருக்கும் 2002இல் முதல் படம் வந்தது. பாலாஜி சக்திவேலுக்கு விக்ரமை வைத்து 'சாமுராய்', வசந்தபாலனுக்கு 'ஆல்பம்'. இரண்டும் ஓடவில்லை. (ஷ்ரேயா கோஷல் தமிழுக்கு வந்தது 'ஆல்பம்' வழியாகத்தான். படம் போனாலும் பாட்டு இன்னும் இருக்கிறது.) கோடம்பாக்கத்தில் புதுமுக இயக்குநருக்கு ஒரு சௌகரியம் உண்டு: அவருக்கு வரலாறு இல்லை. கதை சொல்லும்போது எதிரே இருப்பவர் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் படம் விழுந்தவருக்கு அந்த சௌகரியம் போய்விடும். "நல்ல மனுஷன்தான், ஆனா ராசியில்ல" என்ற ஒரு வார்த்தை அவருக்கு முன்னால் ஆபீஸ் ஆபீஸாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தமிழ் சினிமாவில் ஒரே படத்தோடு காணாமல் போனவர்களின் பட்டியல் போட ஆரம்பித்தால் புத்தகமே போடலாம்.

அதனால்தான் 'புதியவர்களை அறிமுகப்படுத்தினார்' என்ற வரி எனக்கு ஒப்பவில்லை. அறிமுகம் நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எஸ் பிக்சர்ஸ் செய்த அரிய காரியம் இரண்டாவது வாய்ப்பு. முதல் வாய்ப்பு கொடுக்க ஆசை போதும். இரண்டாவதைக் கொடுப்பதற்கு, அந்த ஆளோடு வருடக்கணக்கில் வேலை பார்த்திருக்க வேண்டும். விழுந்தது அவருடைய திறமையா, சூழ்நிலையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பைனான்சியருக்கோ, வெளியூர் தயாரிப்பாளருக்கோ அந்த விவரம் தெரிய வழியில்லை. குருவுக்குத் தெரியும். இயக்குநர் நடத்தும் கம்பெனிக்கும் வியாபாரி நடத்தும் கம்பெனிக்கும் உள்ள ஒரே உருப்படியான வித்தியாசம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

அடிபட்டவன் திருப்பி அடிக்காத படம்

2004 டிசம்பர் 17இல் 'காதல்' வந்தது. ஒன்பது நாள் கழித்துச் சுனாமி. ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பிணக்கணக்கு பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதையும் தாண்டி அந்தப் படம் ஓடியது. நான் பார்த்தது மதுரையில், கூட்டம் நன்றாகப் பிடித்திருந்த நேரம். ஷங்கர் படம் என்று நம்பி வந்தவர்கள் அரங்கில் நிறைய இருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் இடைவேளை வரைக்கும் ஒரு வெளிநாட்டுப் பாட்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் தன் மனைவியிடம் முணுமுணுத்ததிலிருந்தே தெரிந்தது. திரையிலோ கிரீஸ் படிந்த கையோடு ஒரு மெக்கானிக் பையன், பள்ளிச் சீருடையில் ஒரு பெண். எல்லாம் எங்கள் தெரு.

சென்னைக்கு ஓடிவந்த பிறகு வரும் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அதுவரை காதல் படம். அதற்குப் பிறகு வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றிய படம். தங்க இடமில்லாமல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கும் நண்பனைத் தேடிப் போகிறார்கள். ஆண்கள் மட்டும் இருக்கும் இடத்துக்குள் ஒரு பெண்ணை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது? அந்த மேன்ஷனில் இருப்பவர்களோ ஆளுக்கொரு கனவோடு காத்திருப்பவர்கள்; நடித்தால் கதாநாயகனாகத்தான் என்று அடம்பிடிக்கும் விருச்சககாந்த் உட்பட. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பெண்ணுக்கு ராத்திரி எங்கே படுப்பது என்ற கவலை நமக்குள் வந்து உட்கார்ந்துவிடும். 'ஜீன்ஸ்' படத்தில் ஒரே பாட்டுக்கு உலக அதிசயங்களைச் சுற்றி வந்தவருடைய கம்பெனி, ஓர் அறைக்கு அலைகிற கதைக்குப் பணம் போட்டது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

ஆனால் நான் சொல்ல வருவது முடிவைப் பற்றி. ஷங்கர் தானே இயக்கிய படங்களில் ஒரு பழக்கம் உண்டு. அடிபட்டவன் திரும்பி வருவான். கல்லூரியில் இடம் கிடைக்காத பையன் 'ஜென்டில்மேன்' ஆவான், லஞ்சத்துக்கு மகளைப் பலிகொடுத்த தகப்பன் கத்தியோடு 'இந்தியன்' தாத்தாவாக வருவான், ஒரு சின்ன அலட்சியத்தில் தங்கையை இழந்தவனுக்குள் 'அந்நியன்' பிறப்பான். பார்வையாளன் வீட்டுக்குப் போகும்போது கணக்குத் தீர்ந்திருக்கும். 'காதல்' முருகனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நயமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போய் அடிக்கிறார்கள். அவள் கழுத்துத் தாலி போகிறது. அவளுக்கு வேறு கல்யாணம் ஆகிறது. வருடங்கள் கழித்து ஒரு சிக்னலில் அவள் பார்ப்பது புத்தி பேதலித்து நிற்கும் முருகனை. யாரும் யாரையும் பழிவாங்கவில்லை. குற்றவாளிகள் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

'அந்நியன்' வேலை நடந்துகொண்டிருந்த நேரமும் ஏறக்குறைய இதுதான். ஒருபக்கம் தன் படத்தில் தப்பு செய்தவனை எண்ணெய்க் கொப்பரையில் போடுகிறார். இன்னொரு பக்கம் தன் கம்பெனியின் படத்தில் தப்பு செய்தவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போக விடுகிறார். தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர் கிளைமாக்ஸை மாற்றச் சொல்ல ஒரு நொடி ஆகாது. தோல்வியில் இருக்கும் இயக்குநர் மறுக்கவும் மாட்டார். மாற்றவில்லை என்பதுதான் எஸ் பிக்சர்ஸ் வரலாற்றின் திருப்பம் என்று நினைக்கிறேன். அந்த முடிவு நின்றதால்தான் அதற்குப் பின்னால் 'வெயில்' வர முடிந்தது, 'கல்லூரி' வர முடிந்தது. 'காதல்' அந்த ஆட்களுக்கு என்ன செய்தது என்று கேட்டால், இன்னும் அவர்கள் பெயருக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது: காதல் சந்தியா, காதல் சுகுமார், காதல் தண்டபாணி. தெலுங்கில் 'பிரேமிஸ்தே' என்று டப் ஆகிப் போனது. கன்னடத்தில் மறுபடி எடுத்தார்கள்.

பேனரின் விலை

எங்கள் மாமா ஒருவர் மதுரை ராமநாதபுரம் ஏரியாவில் விநியோகஸ்தர் ஒருவருக்கு ரெப்ரசன்டேட்டிவாக இருந்தவர். படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய் தியேட்டரில் உட்கார்ந்து, விளக்கு அணைந்த பிறகு வரிசை வரிசையாகத் தலையை எண்ணி, டிக்கெட் கட்டைகளோடு ஒத்துப் பார்த்து, டி.சி.ஆர். என்கிற அன்றாட வசூல் கணக்கை எழுதி அனுப்புகிற வேலை. படம் நல்லதா கெட்டதா என்று அவரிடம் கேட்டால் திட்டுவார். "எனக்கு முதுகுதாண்டா தெரியும்" என்பார். எண்ணுவதற்காகப் பின்னாலிருந்து பார்த்தே பழகிப்போனவர்.

அவர்தான் எனக்கு இந்த வியாபாரத்தைப் புரிய வைத்தவர். சொந்தக் காசு என்றால் பீரோவிலிருந்து எடுத்துப் போடுகிற காசு இல்லை. பாதிக்கு மேல் பைனான்ஸ். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பைனான்சியர், பிரிண்ட் போடும் லேபுக்கு ஒரு கடிதம் கொடுத்து வைத்திருப்பார்; கடன் தீராமல் ஒரு பிரிண்டும் வெளியே வராது. அந்தக் கடனை அடைக்க ஏரியா ஏரியாவாகப் படத்தை விற்க வேண்டும். ஸ்டார் இருந்தால் எம்.ஜி. என்கிற மினிமம் கேரண்டி கிடைக்கும், அதாவது ஓடினாலும் ஓடாவிட்டாலும் திருப்பித் தர வேண்டாத பணம். ஸ்டார் இல்லாத படத்துக்கு, "பெட்டியைக் குடுங்க, ஓடினா கமிஷன் போக அனுப்பறோம்" என்பார்கள். மெக்கானிக் பையனைப் பற்றிய படத்துக்கு யார் எம்.ஜி. கொடுப்பார்கள்? அங்கேதான் பேனர் வருகிறது. கடன் வாங்கப் போகிறவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் ஜாமீன்தாரர் மாதிரி, போஸ்டரில் ஷங்கர் பெயர். "சங்கர் பேருக்கு மூணு நாள் கூட்டம் வந்துரும். நாலாம் நாள்லருந்து படம் பாத்துக்கணும்" என்றார் மாமா. 'காதல்' நாலாம் நாளிலிருந்து தானே பார்த்துக்கொண்டது.

ஜாமீன் கையெழுத்துக்கு ஒரு குணம் உண்டு, ஒவ்வொரு முறை போடும்போதும் அதன் மதிப்பு கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். 2006 வரைக்கும் ஏறிக்கொண்டே போனது. ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த சிம்புதேவன் எழுதிய ராஜா கதைக்கு, வடிவேலுவைக் கதாநாயகனாக வைத்து, செட் போட்டுச் செலவழிப்பதென்றால் சாதாரண தைரியம் இல்லை. ராஜா ராணிப் படங்கள் செத்துப் பல காலம் ஆகியிருந்த நேரம். வந்த படமோ குளிர்பானக் கம்பெனியையும் சாதிச் சண்டைக்கு மைதானம் கட்டித்தருகிற அரசையும் கிண்டலடித்தது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது 'காதல்' என்றாலும், தயாரிப்பாளராக அவர் எடுத்த பெரிய ரிஸ்க் புலிகேசிதான்.

அதே வருடக் கடைசியில் 'வெயில்'. விருதுநகர்க்காரர் வசந்தபாலன், தன் ஊரின் வெயிலையும் தீப்பெட்டி ஆபீஸையும் கொண்டுவந்து வைத்த படம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு எம்.ஜி.ஆர். படம் பார்த்த பையனை அப்பா வெயிலில் நிற்க வைத்து அவமானப்படுத்துகிறார். வீட்டைவிட்டு ஓடுகிறவன் ஒரு தியேட்டரில் ஒண்டிக்கொண்டு ஆபரேட்டராக வளர்கிறான். அந்த தியேட்டரும் ஒருநாள் இடிபடுகிறது. ஊரே முன்னுக்கு வந்த பிறகு ஒன்றுமில்லாமல் திரும்பி வருகிற அண்ணனாகப் பசுபதி. ஒரு முழுத் தோல்வியின் கதையைத் தோற்ற ஒரு இயக்குநர் எடுத்தார், எடுத்து ஜெயித்தார். தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம், 2007இல் கான் விழாவில் உலக சினிமாப் பிரிவில் திரையிடல். இசையில் ஜி.வி.பிரகாஷ் குமாருக்கு அதுதான் முதல் படம். மாமாவிடம் 'வெயில்' எப்படி என்று கேட்டபோது முதல் முறையாக, "கொஞ்ச நேரம் எண்ணாம திரையப் பாத்துட்டேன்" என்றார். ஆபரேட்டர் ரூமை அப்படி யாரும் காட்டியதில்லையாம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். விமர்சகர்கள் போட்டுத் தாக்கிய 'பாய்ஸ்' படத்திலிருந்துதான் இந்தக் கம்பெனிக்குப் பல ஆட்கள் வந்தார்கள். 'காதல்', 'வெயில்' இரண்டிலும் நடித்த பரத் 'பாய்ஸ்' பையன். 'ஈரம்' படத்துக்கு இசையமைத்த தமனும் 'பாய்ஸ்' பையன்தான். ஒரு தோல்வியில் கூட இருந்தவர்களை மறக்காமல் இருப்பது சினிமாவில் அவ்வளவு சகஜம் இல்லை.

சரிவு

'கல்லூரி' பற்றி எனக்கு ஒரு ஓரவஞ்சனை உண்டு. 2000 பிப்ரவரி 2ஆம் தேதி தருமபுரியில், ஜெயலலிதாவுக்கு எதிரான தீர்ப்பைக் கண்டித்து நடந்த கலவரத்தில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் இறந்தார்கள். அதை மனதில் வைத்து பாலாஜி சக்திவேல் எடுத்த படம். முக்கால்வாசிப் படம் கல்லூரிப் பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், கதை என்று ஒன்றும் நகராது. நகராதது போலிருக்கும்போதே பேருந்து ஏறிவிடுவார்கள். செழியனின் கேமரா எந்த இடத்திலும் 'பார், இங்கே ஆபத்து' என்று கை காட்டாது. அங்கேயும் எந்த அந்நியனும் வரவில்லை. 'காதல்' அளவுக்கு அது ஓடவில்லை, அதற்காகப் படத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

'அறை எண் 305-ல் கடவுள்' பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். பிரகாஷ்ராஜ் கடவுளாக வந்து உட்கார்ந்து போதித்துக்கொண்டே இருந்தார். புலிகேசியின் குத்தல் அதில் இல்லை. 'ஈரம்' மறுபடி தூக்கி நிறுத்தியது. அறிவழகனும் ஷங்கரின் உதவியாளர். தண்ணீரையே பேயாக்கி, மனோஜ் பரமஹம்சாவின் சாம்பல் பூத்த மழைக்குள் சிவப்பை மட்டும் தனியாகத் தெரிய வைத்த படம். பேய்ப் படம் என்றாலே சிரிப்பு என்று ஆகிப்போன பிறகும் 'ஈரம்' பார்த்தால் குளியலறைக் குழாய்ச் சத்தம் கொஞ்சம் உறுத்தும்.

2010இல் இரண்டு படங்கள் அடுத்தடுத்து விழுந்தன. 'ரெட்டைச்சுழி'யில் பாலசந்தரும் பாரதிராஜாவும் சேர்ந்து நடித்தார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? கூட்டம் வரவில்லை. 'மர்மதேசம்' எடுத்த நாகாவின் 'ஆனந்தபுரத்து வீடு' வந்த வேகத்தில் போனது. அக்டோபரில் 'எந்திரன்' வந்தது. அத்தோடு எஸ் பிக்சர்ஸின் அந்தக் காலம் முடிந்தது.

இரண்டு தோல்வியில் மூடினார் என்று சொல்லிவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை. ஆறு வருடத்தில் சந்தையே மாறியிருந்தது. 2008இல் 'காதலில் விழுந்தேன்' மூலம் சன் பிக்சர்ஸ் இறங்கியது. அதுவும் சின்னப் படம்தான், கதாநாயகன் நகுலும் 'பாய்ஸ்' பையன்தான். ஆனால் அது விற்ற விதம் வேறு. எடுத்து முடித்த படத்தை வாங்கி, நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓட்டி, ஊரையே பாட வைத்தார்கள். மாமா சொன்ன அந்த மூணு நாள் கூட்டத்தைக் கொண்டுவர இனி ஒரு இயக்குநரின் பெயர் தேவைப்படவில்லை, ஒரு சேனல் போதும். சாட்டிலைட் உரிமைதான் தயாரிப்பாளரின் கையைப் பிடித்துக் காப்பாற்றும் என்ற நிலை வந்தபோது, அதன் விலையை ஸ்டார் தீர்மானித்தார். ஸ்டார் இல்லாத கதைகளுக்காகவே ஆரம்பித்த மாதிரி இருந்த கம்பெனிக்கு இது சாதகமான சந்தை இல்லை. இன்னொரு பக்கம், அவருடைய சொந்தப் படங்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வருடம் விழுங்க ஆரம்பித்திருந்தன. ஜாமீன் போடுகிறவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதாது, எடிட்டிங் அறையில் உட்கார நேரமும் வேண்டும்.

சொல்லப்போனால் அவர் நிறுத்தியதை அடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சசிகுமார் 2009இல் தன் கம்பெனியில் பாண்டிராஜுக்கு 'பசங்க' கொடுத்தார். ஏ.ஆர்.முருகதாஸ் 2011இல் 'எங்கேயும் எப்போதும்' தயாரித்தார். 'கல்லூரி'க்குப் பிறகு படமில்லாமல் இருந்த பாலாஜி சக்திவேலுக்கு லிங்குசாமியின் திருப்பதி பிரதர்ஸ் 'வழக்கு எண் 18/9' கொடுத்தது, 2012இல், தேசிய விருதும் வாங்கியது. வெற்றிமாறன் 'காக்கா முட்டை'க்கும், பா.ரஞ்சித் 'பரியேறும் பெருமாள்' படத்துக்கும் தயாரிப்பாளர்கள். இவர்கள் எல்லோரும் ஷங்கரைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இயக்குநர் ஒருவர் தன் பெயரை வைத்து இன்னொருவரின் சின்னப் படத்தைச் சந்தைக்குள் தள்ள முடியும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியது எஸ் பிக்சர்ஸ்.

மறுபடி திறந்த கதவு

எஸ் பிக்சர்ஸ் என்ற பெயர் அப்புறமும் எட்டிப் பார்த்தது. 2014 கிறிஸ்துமஸுக்கு வந்த 'கப்பல்' படத்தை வாங்கி வெளியிட்டார்கள். புலிகேசியின் அடுத்த பாகத்தை லைக்காவோடு சேர்ந்து தொடங்கினார்கள். படப்பிடிப்பு ஆரம்பித்த வேகத்தில் வடிவேலுவோடு மனக்கசப்பு, தயாரிப்பாளர் சங்கத்தில் புகார், வருடக்கணக்கில் அவர் நடிக்க முடியாத நிலை. 2021 ஆகஸ்டில்தான் பேசித் தீர்த்தார்கள். படம் வரவே இல்லை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஒன்று மட்டும் தோன்றும்: முதல் புலிகேசி ஒரு கார்ட்டூனிஸ்டை நம்பிப் போட்ட பணம், இரண்டாவது முதல் புலிகேசியை நம்பிப் போட்ட பணம். இரண்டும் ஒரே மாதிரித் தைரியம் இல்லை.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் இன்னொரு நாள் சாவகாசமாகச் சொன்னேன். பாதி கேட்டுக்கொண்டான். "எல்லாம் சரிண்ணா, ஆனா அவர் இயக்கின படத்தைவிட இயக்காத படம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான். அதில் எனக்கு மறுப்பு இல்லை. 'அந்நியன்' இன்று பார்க்கச் சிரமமாக இருக்கிறது, 'காதல்' அப்படியே இருக்கிறது.

2023 ஜூலையில் 'அநீதி' என்று ஒரு படம் வந்தது. உணவு டெலிவரி செய்கிற இளைஞனாக அர்ஜுன் தாஸ், கூடவே துஷாரா விஜயன், இசை ஜி.வி.பிரகாஷ் குமார். இயக்கியது வசந்தபாலன். தயாரித்ததும் அவரே, பள்ளிக்கூட நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்த அர்பன் பாய்ஸ் ஸ்டுடியோஸ் என்ற சொந்தக் கம்பெனியில். 'அங்காடித் தெரு', 'அரவான்', 'காவியத் தலைவன்' எல்லாம் கடந்து, ஏறி இறங்கி, கடைசியில் அவரும் கம்பெனி ஆரம்பித்த இயக்குநர் ஆகிவிட்டார். எடுத்த படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுபோக ஒரு பேனர் வேண்டியிருந்தது. வெளியிட்டது எஸ் பிக்சர்ஸ்.